காலி வண்டிக்கு விட்ட வழி

நாலு ரோடு சந்திப்பில் நிற்கும் போக்குவரத்துக் காவலர் வழக்கமாகச் செய்வதைத்தான் அன்றும் செய்தார். சைரன் சத்தம் கேட்டதும் குறுக்கே வந்த வண்டிகளை ஒரு கையால் தடுத்து நிறுத்தி, மறுகையை வீசி வீசி ஆம்புலன்ஸைக் கூப்பிட்டார். வண்டி தன்னைக் கடக்கும்போது சன்னல் பக்கம் குனிந்து, "மெதுவா ஓட்டுங்க பைலட். பின்னால அந்தம்மா எழுந்து உக்காந்துட்டாங்க. விழுந்துடப் போறாங்க" என்றார்.

அவன் தலையாட்டிவிட்டுத் தாண்டினான். ஆம்புலன்ஸ் ஓட்டுகிறவர்களைப் பைலட் என்று கூப்பிடுவது ஆஸ்பத்திரி வழக்கம். இவனுக்கு அதுவே பெயராக ஒட்டிக்கொண்டுவிட்டது. தலையாட்டுவதும் பழக்கதோஷம்தான். யார் என்ன சொன்னாலும் ஆட்டிவிட்டுப் போய்க்கொண்டே இருக்க வேண்டிய வேலை. சந்திப்பைத் தாண்டி, மழைத் தண்ணீர் தேங்கிக் கிடந்த சாலையில் சிவப்பு விளக்கின் வெளிச்சம் சுற்றிச் சுற்றி விழுவதைப் பார்த்துக்கொண்டே கொஞ்ச தூரம் போன பிறகுதான் அவர் சொன்னது மண்டையில் ஏறியது.

வண்டியில் யாரும் இல்லை. வேலை முடிந்து வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தான்.

ஓரமாக நிறுத்தி, சைரனை அணைத்து, முதுகுக்குப் பின்னால் இருந்த தடுப்புக் கண்ணாடியை நகர்த்திப் பார்த்தான். ஸ்ட்ரெச்சர், அதன்மேல் சுருக்கமில்லாமல் விரித்த வெள்ளைத் துணி, குறுக்கே மாட்டிய பெல்ட், மூலையில் ஆக்சிஜன் சிலிண்டர், கூரையில் ஆடிக்கொண்டிருந்த குளுகோஸ் கொக்கி. பினாயில் வாசனை. அவ்வளவுதான். அந்தி நேரத்தில் கண்ணாடியில் எதிர்வண்டி வெளிச்சம் பட்டால் எதுவும் எப்படியும் தெரியும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். பயமாக இல்லை. வெட்கமாக இருந்தது. காலி வண்டிக்காக அந்த மனிதர் நனைந்தபடி ஊரையே நிறுத்தி வைத்து, இல்லாத நோயாளி விழுந்துவிடக் கூடாதே என்று கவலையும் பட்டிருக்கிறார்.

காலி வண்டியில் சைரன் போடுவது தப்பு என்று இந்தத் தொழிலில் எல்லாரும் சொல்வார்கள், சமயம் வாய்த்தால் எல்லாரும் செய்வார்கள். பைலட்டுக்கு அது தினசரி வழக்கமாகிவிட்டிருந்தது. சின்ன ஆஸ்பத்திரி, ஒரே வண்டி, அவசர அழைப்பு வந்தால் உடனே கிளம்ப வசதியாக வண்டியை அவன் வீட்டு வாசலிலேயே நிறுத்திக்கொள்ள விட்டிருந்தார்கள். ஆறரை மணி நெரிசலில் முக்கி முனகி வருவானேன்? பொத்தானை அமுக்கினால் பஸ்கள் ஒதுங்கும், லாரிகள் சாக்கடை விளிம்புவரை போய் நிற்கும். அவனுக்கு என்ன அவசரம் என்று கேட்டால் சொல்வதற்கு ஒன்றுமில்லை. டீ சூடாகக் கிடைக்கும், டி.வி.யில் மேட்ச் முடிவதற்குள் போய்ச் சேரலாம். இதற்குத்தான்.

டீ போட்டுத் தருவது அக்கா. வீட்டில் அவர்கள் இரண்டே பேர். தெருமுனையில் திரும்பும்போது குட்டையாக ஒரு கூவல் கொடுப்பான். அதைக் கேட்டு அக்கா பாலை அடுப்பில் ஏற்றுவாள். அவன் செருப்பைக் கழற்றும்போது டீ தம்ளரில் இருக்கும். "என் தம்பி வண்டி வந்தா ரோடே ரெண்டாப் பிளந்து வழி விடும்" என்று அக்கம்பக்கத்தில் பெருமை வேறு. அந்தப் பெருமையைக் கேட்கும்போதெல்லாம் அவனுக்கும் மார்பு கொஞ்சம் விரியத்தான் செய்தது.

அக்கா நூல் மில்லில் வேலை பார்த்தவள். அங்கே சைரனைச் சங்கு என்பார்கள். சங்கு ஊதினால் உள்ளே, சங்கு ஊதினால் சோறு, சங்கு ஊதினால் வெளியே என்று பாதி ஆயுளை அங்கே கழித்து, அந்தச் சம்பளத்தில் தம்பியைப் படிக்க வைத்து, நெஞ்சு நிறையப் பஞ்சுத் தூசியை வாங்கிக்கொண்டு வீட்டில் உட்கார்ந்துவிட்டாள். மூச்சிரைப்பு வந்து அடங்கிய பிறகு, "கடைசியிலயும் எனக்குச் சங்குதான்டா" என்று அவளே சிரிப்பாள். பொழுதுபோக்குக் குறுக்கெழுத்து. ஒருநாள் ஏதோ ஒரு கட்டத்தை நிரப்பப் போய், சைரன் என்றால் என்னென்ன அர்த்தம் என்று அகராதியையும் போனையும் குடைந்து எடுத்து, அவன் டீ குடித்து முடிப்பதற்குள் எல்லாவற்றையும் சொல்லி முடித்தாள். ஏதோ ஒரு தூர தேசத்துப் பழங்கதையில் கடல்பாறை மேல் உட்கார்ந்து பாடுகிற பெண்களுக்கு அந்தப் பெயராம். பாட்டைக் கேட்ட படகுக்காரர்கள் மயங்கிப் பாறையில் மோதிச் சாவார்களாம். கடல் பசுக்களுக்கும் அந்தப் பெயரிலிருந்து ஒரு பெயர் உண்டாம். தண்ணீருக்கு அடியிலும் ஒலிக்கிற ஒரு கருவியைச் செய்தவர் அந்தப் பாடகிகளை நினைத்து அதற்குச் சைரன் என்று வைத்தாராம்.

"வான்னு கூப்பிட்டுக் கொல்றவளுக்கும் சைரன், தள்ளுன்னு கத்துற உன் வண்டிக்கும் சைரன். பேரு வச்சவன் கொஞ்சம் யோசிச்சிருக்கலாம்" என்றாள் அக்கா.

அன்றைக்குச் சிரித்தான். இப்போது, நிறுத்திய வண்டியில் உட்கார்ந்திருந்தபோது, அவனுக்குச் சிரிப்பு வரவில்லை. ஏனென்றால் இரண்டு வாரம் முன்னால் அதே சந்திப்பில் ஒன்று நடந்திருந்தது.

அன்றும் மழை. அன்றும் காலி வண்டி. காவலர் இவனுக்காகக் குறுக்குச் சாலையை நிறுத்தி வைத்திருந்தார். இவன் சந்திப்பின் நடுவில் வரும்போது இடது பக்கம், தேங்கி நின்ற லாரிகளுக்குப் பின்னால் எங்கோ இன்னொரு சைரன் கேட்டது. எதிரொலி இல்லை, அது அவனுக்கு நன்றாகத் தெரிந்தது. பிரேக்கில் கால் வைத்திருக்கலாம். காவலருக்குச் சைகை காட்டியிருக்கலாம். அவன் என்ன நினைத்தான் தெரியுமா? அவனும் நம்மளை மாதிரி வீட்டுக்குத்தான் போறான், நிக்கட்டும் என்று நினைத்தான். நினைத்துச் சிரிக்கவும் செய்தான்.

மறுநாள் கட்டுத்துணி சுருட்டிக்கொண்டே நர்ஸண்ணன் சொன்னார். வண்டியில் கூட வருகிற ஆண் நர்ஸ் அவர், ஆஸ்பத்திரிக்கே அண்ணன். நாலு ரோட்டில் ஒரு அம்மா ஆம்புலன்ஸிலேயே போய்விட்டார்களாம். நெஞ்சுவலி. வேறொரு ஆம்புலன்ஸுக்கு வழி விட்டதில் இந்தப் பக்கம் நெரிசல் பூட்டிக்கொண்டுவிட்டதாம், வண்டி நகரவே முடியவில்லையாம். "யாரைக் குத்தம் சொல்றது? அந்த வண்டியிலயும் ஒரு உயிரு இருந்திருக்கும்ல" என்றார்.

"ஆமா" என்றான் பைலட்.

போனவர் பெயரைக் கூட அவன் கேட்கவில்லை. கேட்டால் ஏன் கேட்கிறாய் என்பார்களோ என்று பயம். இனிமேல் காலி வண்டியில் சைரனைத் தொடுவதில்லை என்று மனதுக்குள் சத்தியம் செய்தான். சில நாள் தாக்குப்பிடித்தான். பிறகு மழை, நெரிசல், பசி. மானங்கெட்ட கை தானாகப் போய்ப் பொத்தானை அமுக்கிவிட்டது. அமுக்கிய அந்த முதல் மாலையில்தான் காவலர் அப்படிச் சொன்னார்.

மறுநாள் கால் முறிந்த ஒரு இளைஞனை ஏற்றி வந்தார்கள். நிஜ நோயாளி, நிஜ அவசரம், ஆகவே நியாயமான சைரன். சிக்னலில் பக்கத்தில் ஒதுங்கி நின்ற பஸ்ஸின் சன்னலிலிருந்து ஒரு பெண் ஆம்புலன்ஸின் பின்கண்ணாடிக்குள் எட்டிப் பார்த்தாள். அவள் முகம் சுருங்கியது. அடுத்த இருக்கைக்காரியிடம் திரும்பி இரண்டு விரலைக் காட்டி ஏதோ சொன்னாள். பாவம், ரெண்டு பேரு. உதடு அசைவதை வைத்தே பைலட் அதைப் படித்துவிட்டான். நர்ஸண்ணனைச் சொல்கிறாள் என்று வைத்துக்கொள்ள ரொம்பவும் முயன்றான்.

ஆஸ்பத்திரி வாசலில் கதவைத் திறந்தபோது அந்த இளைஞன் ஸ்ட்ரெச்சரின் ஓரத்தில், பாதி உடம்பு வெளியே தொங்க, ஒருக்களித்துப் படுத்திருந்தான். மற்ற பாதி இடம் காலியாக இருந்தது.

"அவங்கள முதல்ல இறக்குங்க. எனக்குக் கால்தானே" என்றான்.

ஊசி மயக்கம், உளறுகிறான் என்றார் நர்ஸண்ணன். சைரன் அதற்குள் நின்றிருந்தது. இளைஞன் பக்கத்தில் காலியாகக் கிடந்த இடத்தைப் பார்த்தான், பிறகு பைலட்டின் முகத்தைப் பார்த்தான். அந்தப் பார்வையில் ஒரு கேள்வி இருந்ததாகப் பைலட்டுக்குப் பட்டது.

அன்று சாயங்காலம் வண்டியைக் கழுவும்போது முதல்முறையாக அந்த வாசனை வந்தது. பினாயிலுக்கு அடியில், ரப்பர் வாடைக்கு அடியில், ரொம்ப மெல்லிசாகப் பூச்சி உருண்டை வாசனை. பெட்டியில் மடித்து வைத்திருந்த நல்ல துணியை, ஆஸ்பத்திரிக்குப் போகிறோமே, நாலு பேர் பார்ப்பார்களே என்று எடுத்துக் கட்டிக்கொண்டு வந்தால் வருமே, அந்த வாசனை. ஸ்ட்ரெச்சரைக் கழுவினான். தரையைக் கழுவினான். சக்கரத்தைக் கூடக் கழுவினான். துடைத்த துணியை முகர்ந்து பார்த்தால் பினாயில். தலையை உள்ளே நீட்டினால் பூச்சி உருண்டை.

அதன் பிறகு காலி வண்டியில் சைரன் போடவே இல்லை. நெரிசலில் எல்லாரையும்போல ஊர்ந்து வந்தான். தெருமுனையில் கூவல் இல்லை. அக்காவுக்கு நேரம் தெரியவில்லை. ஒருநாள் டீயை மறுபடி சூடு பண்ணிக்கொண்டே, "என்னடா இப்பல்லாம் சத்தமே காணோம்?" என்று கேட்டாள்.

"ரிப்பேர்" என்றான்.

அவள் முகத்தைப் பார்க்காமல் தம்ளரை வாங்கிக்கொண்டான். சொல்லிவிடலாம்தான். உலகத்தில் அவன் எதையும் சொல்லக்கூடிய ஒரே ஆள் அவள். ஆனால் ரோடே பிளக்கும் என்று தெருவெல்லாம் சொல்லித் திரிந்தவளிடம், உன் டீ ஆறிவிடக் கூடாதென்று ஒரு அம்மாவைக் கொன்றேன் என்று எப்படிச் சொல்வது? வாய் வரை வரும். டீயோடு சேர்த்து விழுங்கிவிடுவான்.

அடுத்த வாரம் ஒரு மாலை அவன் வீட்டுக்கு வந்தபோது அடுப்பில் பால் பொங்கி வழிந்து, கருகி, அடுப்பும் அணைந்திருந்தது. கேஸ் நாற்றம். அக்கா சமையல்கட்டுச் சுவரில் முதுகைச் சாய்த்துத் தரையில் உட்கார்ந்திருந்தாள். மூச்சை இழுத்தாள், உள்ளே போகவில்லை. விட்டாள், வெளியே வரவில்லை. நெஞ்சுக்குள் விசில் சத்தம். கையில் இருந்த ஸ்பிரேயை அமுக்கி அமுக்கிக் காட்டினாள். அது வெறும் காற்றைத்தான் துப்பியது. உதடு நீலம் பூத்திருந்தது.

கேஸை அடைத்துவிட்டு அவளைத் தூக்கினான். எடையே இல்லை. வாசலில் வண்டி நிற்கிறதே என்ற நிம்மதி ஒரு கணம் வந்தது, பிறகுதான் அது எந்த வண்டி என்று நினைவு வந்தது. கதவைத் திறந்ததும் பூச்சி உருண்டை. வேறு வழியில்லை. ஸ்ட்ரெச்சரில் படுக்க வைத்துப் பெல்ட்டை மாட்டி, சிலிண்டரைத் திறந்து மாஸ்க்கை முகத்தில் பொருத்தினான். மாஸ்க்கின் உட்புறம் மெல்லப் பனித்தது. அவன் கையை அழுத்திவிட்டுப் போ என்று கண்ணால் சொன்னாள்.

பிரதான சாலைக்கு வந்தான். நெரிசல். கண்ணுக்கெட்டிய தூரம் சிவப்பு விளக்குகள், ஈரத்தில் கலைந்து கலைந்து தெரிந்தன. ஹாரன் அடித்தான். முன்னால் இருந்த கார்க்காரர் கையை வெளியே நீட்டி எங்கே போவது என்று கேட்டார். மேல்விளக்கை மட்டும் போட்டுப் பார்த்தான். ஒருவரும் திரும்பவில்லை. தலையை வெளியே நீட்டிக் கத்தினான். மழைச் சத்தத்தில் அது யாருக்கும் எட்டவில்லை. பக்கத்து ஸ்கூட்டர்க்காரர் அவனை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "உள்ள யாராச்சும் இருந்தா சைரன் போட வேண்டியதுதானே" என்றார்.

தடுப்புக் கண்ணாடி திறந்திருந்தது. பின்னாலிருந்து விசில், இடைவெளி, விசில். இடைவெளி நீண்டுகொண்டே போனது.

"தம்பி." மாஸ்க்குக்குள்ளிருந்து அக்காவின் குரல். "சைரன் போடேன்டா."

அவன் மறுபடி ஹாரனை அடித்தான்.

"ரிப்பேர்னாலும்... அமுக்கிப் பாருடா."

இப்போதாவது சொல்லியிருக்கலாம். அக்கா, போட்டால் இன்னொருத்தி வருவாள் என்று சொல்லியிருக்கலாம். யாரு என்று கேட்பாள். அதற்கும் சொல்ல வேண்டியிருக்கும். மூச்சு முட்டிக் கிடக்கிறவளிடம் இதையா சொல்வது என்று தன்னையே சமாதானப்படுத்திக்கொண்டான். அது சமாதானம் இல்லை, வெட்கம் என்று அவனுக்கே தெரிந்தது. இந்த நேரத்திலும் அவள் முன்னால் நல்லவனாக இருக்க ஆசை.

அமுக்கினான்.

சைரன் எழுந்தது. அடிவயிற்றிலிருந்து கிளம்பி, நீண்டு, உச்சிக்குப் போய், வளைந்து இறங்கி, மறுபடி எழுந்தது. எத்தனையோ வருடம் கேட்ட சத்தம். இன்றைக்கு அதில் ஒரு தொண்டை இருந்தது. தள்ளு தள்ளு என்று கத்தவில்லை. யாரையோ கூப்பிட்டது.

ரோடு பிளந்தது.

கார்க்காரர் ஒதுங்கினார். பஸ் ஒதுங்கியது. ஸ்கூட்டர்க்காரர் நடைபாதை மேல் ஏறினார். வண்டி அந்த இடைவெளிக்குள் வழுக்கிக்கொண்டு போனது. இருபுறமும் முகங்கள். எல்லாம் பின்கண்ணாடியைப் பார்த்தன. ஒவ்வொரு முகமும் பார்த்ததும் சுருங்கியது. ஒருவர் தொப்பியைக் கழற்றினார். ஒரு பெண் வாயைப் பொத்திக்கொண்டாள். சிலர் விரலை உயர்த்தினார்கள். இரண்டு.

வாசனை முன்பக்கம் வரை வந்துவிட்டது.

பின்னால் விசில் நின்றிருந்தது. எப்போது நின்றது என்று அவன் கவனிக்கவில்லை.

"அக்கா."

"இருக்கேன்டா. நீ ஓட்டு." குரல் தெளிவாக இருந்தது. இரைப்பே இல்லை. மாஸ்க் இல்லாத குரல்.

கிளிக். பெல்ட் கழலும் சத்தம்.

"அக்கா, பெல்ட்டைக் கழட்டாத. மாஸ்க்கைப் போடு."

"அட இருடா. இந்தம்மாவுக்கு என்னைவிட முடியல. ரொம்ப நாளா இடம் இல்லாம நிக்கிறாங்களாம்." துணி உரசியது. ஸ்ட்ரெச்சர் கிறீச்சிட்டது. "நான்தான் தள்ளி உக்காந்துக்கிறேன்னேன். வழி விடணும்ல."

"வேணாம் அக்கா. அவங்க... அக்கா, நான் ஒண்ணு சொல்லணும்."

"சொல்லிட்டாங்கடா" என்றாள் அக்கா.

அவ்வளவுதான் சொன்னாள். திட்டவில்லை. குரலில் கோபம் கூட இல்லை. அவனுக்கு முகம், காது, கழுத்து எல்லாம் பற்றி எரிந்தது.

நாலு ரோடு. காவலர் இரு கையையும் விரித்து நான்கு பக்கமும் நிறுத்தி வைத்திருந்தார். சந்திப்பு வெறிச்சென்று கிடந்தது. அதற்கு அப்பால் ஆஸ்பத்திரி விளக்கு தெரிந்தது. பொத்தான் மேல் விரல். அணைத்தால் அந்த இன்னொருத்தி போய்விடுவாள். அணைத்தால் ரோடு மூடிக்கொள்ளும். அணைக்காவிட்டால்.

சைரன் கூப்பிட்டுக்கொண்டே இருந்தது.

"அக்கா. மாஸ்க்."

குரலை உயர்த்தினான்.

"அக்கா."

கண்ணை உயர்த்தி உள்கண்ணாடியைப் பார்த்தான்.

அக்கா ஓரத்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். இரண்டு கையும் மடியில். பஸ்ஸில் யாருக்கோ இடம் கொடுத்துவிட்டு ஒடுங்கி உட்காருகிறவர்கள் உட்காருவார்களே, அப்படி. தலை ஒருபக்கம் சாய்ந்து சன்னல் கண்ணாடியில் இடித்து இடித்து ஆடியது. கண் திறந்தே இருந்தது. மார்பு அசையவில்லை.

ஸ்ட்ரெச்சரில் யாரும் இல்லை. தலையணை நடுவில் குழிந்திருந்தது. அந்தக் குழிக்கு மேலே, ஒரு முகத்தின் உயரத்தில், மாஸ்க் நின்றுகொண்டிருந்தது. அதன் உட்புறம் பனித்தது. தெளிந்தது. பனித்தது. நிதானமாக, நிம்மதியாக, யாரோ ஆழ மூச்சு விட்டுக்கொண்டிருந்தார்கள். வெளியே மழையில் நின்றபடி ஊர் முழுக்க வழி விட்டுக்கொண்டிருந்தது.